'அடினோ' என்றாலே புற்றுநோயா? மகனின் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துபோன ஒரு தாய்க்கு

கேள்வி (சுருக்கமாக): எழுதியிருப்பவருக்கு வயது 36. ஆறு வயது மகன் ஒரு வருடமாக வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான், குறட்டை விடுகிறான், மாதம் ஒருமுறையாவது சளி பிடிக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் எக்ஸ்ரேவும் கழுத்துக்கு அல்ட்ராசவுண்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு ரிப்போர்ட்டில் 'அடினாய்டு ஹைப்பர்ட்ரோபி' என்றும் இன்னொன்றில் 'ரியாக்டிவ் செர்விகல் லிம்ஃபடினோபதி, பெரியது 9 மில்லிமீட்டர், ஹைலம் சரியாக உள்ளது' என்றும் வந்திருக்கிறது. மருத்துவர் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே கொடுத்து, மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம், தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார். இவருடைய அப்பா பெருங்குடல் புற்றுநோயில் இறந்தவர். 52 வயதில் அது தெரிய வந்தபோது பயாப்சி ரிப்போர்ட்டில் இருந்த சொல் 'அடினோகார்சினோமா'. இப்போது மகனின் இரண்டு தாள்களிலும் அதே 'அடினோ'. இரவெல்லாம் தேடியதில் 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா' என்ற ஒன்று வேறு கண்ணில் பட்டிருக்கிறது. ஸ்ப்ரேயில் ஸ்டீராய்டு என்று போட்டிருந்ததால் நான்கு நாளில் நிறுத்திவிட்டார். அவர் கேட்பவை: அடினோ என்றால் என்ன அர்த்தம், இது தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்ததா, கழுத்துக் கட்டியை பயாப்சி செய்ய வேண்டுமா, அடினாய்டை எடுத்தால் எதிர்ப்பு சக்தி போய்விடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது உண்மையா. கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை என்று டீச்சரும் சொல்கிறார், விளையாட்டுப் புத்தி."

பதில்:

சகோதரி, முதலில் பயத்துக்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனின் இரண்டு ரிப்போர்ட்டிலும் புற்றுநோய் என்ற அர்த்தம் தரும் சொல் ஒன்றுகூட இல்லை, புற்றுநோயோ என்று சந்தேகப்படும் சொல்லும் இல்லை. அப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த 'அடினோ'வும் மகனின் ரிப்போர்ட்டில் இருக்கும் 'அடினோ'வும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நீங்கள் கவனித்தது சரிதான். ஆனால் அந்த வேருக்கு நீங்கள் நினைத்த அர்த்தம் கிடையாது. புற்றுநோயில் அப்பாவை இழந்தவருக்கு அந்த மூன்று எழுத்து மறுபடி கண்ணில் பட்டால் நெஞ்சு பதறத்தான் செய்யும். எனவே சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

'அடேன்' என்ற பழைய சொல்

கிரேக்க மொழியில் 'அடேன்' என்றால் சுரப்பி, அவ்வளவுதான். நோய் என்ற வாடையே அதில் இல்லை. ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல் தொகுப்பில் சுரப்பிகளைப் பற்றி மட்டும் ஒரு சிறு நூல் இருக்கிறது. அதில் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் கைக்குத் தட்டுப்படும் உருண்டைகளைத்தான் இந்தப் பெயரால் சொல்கிறார்கள். உடம்பில் மிகுதியாகும் ஈரத்தை அவை உறிஞ்சிக்கொள்கின்றன என்று நம்பினார்கள். மூளையையும்கூட ஒரு பெரிய சுரப்பி போலத்தான் பார்த்தார்கள். அதாவது எச்சில், வியர்வை, ஹார்மோன் என்று எதையாவது சுரக்கும் உறுப்பு எது, காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே அந்த உருண்டை எது என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டும் 'அடேன்'தான். 1656-ல் லண்டனில் தாமஸ் வார்ட்டன் என்ற மருத்துவர் உடம்பின் சுரப்பிகளை ஒவ்வொன்றாக விவரித்து ஒரு நூல் எழுதியபோதும் 'அடினோகிராஃபியா' என்றுதான் தலைப்பு வைத்தார். தைராய்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவரும் அவரே. லத்தீன் வழியில் வந்த 'கிளாண்ட்' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு சாதுவான பிறப்புதான், ஓக் மரத்தின் சிறு கொட்டை என்று பொருள், கைக்கு அப்படித் தட்டுப்பட்டதால் வந்த பெயர்.

தமிழில் நமக்கு இந்தக் குழப்பம் குறைவு. சுரப்பதைச் சுரப்பி என்கிறோம், கழுத்தில் திரள்வதை நெறி கட்டியிருக்கிறது என்கிறோம், மருத்துவத் தமிழில் அது நிணநீர் முடிச்சு. இரண்டுக்கும் இரண்டு பெயர். ஆனால் ரிப்போர்ட் எழுதப்படும் மொழியில் பழைய ஒற்றைச் சொல்லே இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதால், ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத பத்து விஷயங்களுக்கு ஒரே முன்பாதி வந்து சேர்ந்திருக்கிறது. நம் மரபணுவின் எழுத்துகளில் ஒன்றான அடினின் இருக்கிறதே, 1885-ல் ஆல்பிரெக்ட் கோசல் அதை மாட்டின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்தார், கணையம் ஒரு சுரப்பி, அதனால் அந்தப் பெயர். சாதாரண சளி, கண்நோய் கொடுக்கும் அடினோவைரஸ் 1953-ல் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது குழந்தைகளின் அடினாய்டு சதையிலிருந்து, அதனால் அதற்கும் அந்தப் பெயர். உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் ஒவ்வொரு செல்லிலும் அடினின் இருக்கிறது. 'அடினோ' என்பதைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தால் எங்கே போய் நிறுத்துவது சொல்லுங்கள்.

சொல்லின் பின்பாதியைப் பாருங்கள்

முன்பாதி எந்தத் திசு என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்கு என்ன ஆகியிருக்கிறது என்பது பின்பாதியில் இருக்கிறது. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'அடினைட்டிஸ்' என்றால் நெறி வீங்கி வலிக்கிறது. 'பதி' என்றால் ஏதோ ஒரு பாதிப்பு, என்ன பாதிப்பு என்று அந்தச் சொல் சொல்லாது. 'ஓமா' மட்டும் என்றால் கட்டி, 'அடினோமா' சுரப்பித் திசுவில் வரும், புற்றல்லாத கட்டி. 'கார்சினோமா' என்று இருந்தால் புற்று. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் துயரம் முழுவதும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருந்தது. குடலின் உட்சுவரில் சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்கிய புற்று என்பதைக் குறிக்க மட்டும் முன்னால் 'அடினோ' வந்தது.

இப்போது மகனின் தாள். 'ஆய்டு' என்றால் 'போல இருப்பது'. அடினாய்டு என்றால் சுரப்பி போல இருப்பது, உண்மையில் அது சுரப்பியே இல்லை. மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே, எல்லாக் குழந்தைகளுக்கும் இருக்கும் ஒரு மெத்தென்ற நிணநீர்த் திசு, நாம் மூக்குச் சதை என்று பேச்சில் சொல்வது. 1868-ல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற மருத்துவர், மூக்கடைப்போடு காதும் மந்தமாக இருந்தவர்களைப் பரிசோதித்து, மூக்கின் பின்னால் இந்தச் சதை மண்டியிருப்பதைக் கண்டு எழுதினார், 'அடினாய்டு வளர்ச்சிகள்' என்ற பெயரை நிலைநாட்டியதும் அவர்தான். 'ஹைப்பர்ட்ரோபி' என்றால் அளவில் பெரிதாகியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை இது பெரிதாக இருப்பதுதான் இயல்பு, அப்புறம் மெல்ல மெல்லச் சுருங்கி, பதின்ம வயதில் பெரும்பாலும் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

இரவில் நீங்கள் தேடிக் கண்டுபிடித்த 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா' பற்றி. அது பெரும்பாலும் பெரியவர்களுக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் ஓர் அரிய புற்று. நுண்ணோக்கியில் பார்க்கும்போது அந்தச் செல்கள் சுரப்பி போல அடுக்கியிருப்பதால் 'அடினாய்டு' என்ற அடைமொழி வந்தது. உங்கள் மகனின் மூக்குச் சதைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அடினாய்டு வளர்ந்தால் அதுவாக மாறிவிடும் என்பதும் இல்லை. பெயர் ஒற்றுமை மட்டுமே. தேடுபொறிக்கு எழுத்துகள் பொருந்தினால் போதும், உங்கள் பிள்ளைக்கு வயது ஆறு என்பது அதற்குத் தெரியாது.

கழுத்தில் இருக்கும் நெறி

'செர்விகல் லிம்ஃபடினோபதி' என்றால் கழுத்தில் நெறி பெரிதாகியிருக்கிறது என்பதுதான். அதற்கு முன்னால் இருக்கும் 'ரியாக்டிவ்' என்ற சொல்லை நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை என்று நினைக்கிறேன். ஏதோ ஒரு கிருமிக்கு எதிர்வினையாகப் பெரிதாகியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். மாதாமாதம் சளி பிடிக்கும் குழந்தையின் கழுத்தில் நெறி தட்டுப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 9 மில்லிமீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டருக்குள், இந்த வயதில் சாதாரணம். 'ஹைலம் சரியாக உள்ளது' என்றால் அந்த முடிச்சின் உள்ளமைப்பு கெடவில்லை என்று பொருள், நல்ல செய்தி. இந்த நிலையில் பயாப்சி தேவையில்லை. உங்கள் நிம்மதிக்காக ஒரு குழந்தையை மயக்கம் கொடுத்துக் கழுத்தைக் கீறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், உங்கள் மருத்துவரும் மறுத்திருப்பது சரி.

எப்போது மறுபடி காட்ட வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நெறி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால், கல் போலக் கெட்டியாகவோ அசையாமலோ இருந்தால், காறை எலும்புக்கு மேலே புதிதாகத் தட்டுப்பட்டால், ஆறு வாரம் ஆகியும் குறையாமல் வளர்ந்துகொண்டே போனால், கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடை குறைதல் இருந்தால், தள்ளிப்போடாமல் போக வேண்டும். இதில் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஒரு வேண்டுகோள், தினமும் கழுத்தை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள், உங்கள் முகத்தில் இருக்கும் பயத்தை அவன் படித்துக்கொள்வான். மாதம் ஒருமுறை போதும்.

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரி

இந்தக் கடிதத்திலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது டீச்சர் சொன்ன விஷயம்தான். கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை என்றால், காதில் விழவே இல்லையோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழாய் போகிறது, அதன் வாய் அடினாய்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சதை பெரிதாகி அந்தக் குழாய் சரியாக வேலை செய்யாமல் போனால் நடுக்காதில் கெட்டியான நீர் தேங்கும். வலி இருக்காது, சீழ் வராது, வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் சத்தம் மட்டும் மங்கலாகக் கேட்கும். பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டுவான், "என்ன, என்ன" என்பான், வகுப்பில் கனவு காண்கிறவன் போல இருப்பான், அவனை எல்லோரும் விளையாட்டுப் புத்தி என்பார்கள், அவனுக்கே தனக்குக் கேட்கவில்லை என்று தெரியாது. படிக்கவும் பேசவும் பழகும் வயதில் இது மாதக் கணக்கில் தொடர்ந்தால் நஷ்டம் அவனுக்கு.

எனவே மூன்று மாதம் கழித்து வரும் சந்திப்புக்குக் காத்திருக்காமல், இந்த வாரமே கேட்கும் திறன் பரிசோதனையும், நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி பரிசோதனையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டுமே வலியில்லாதவை. நீர் இருந்தாலும் உடனே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை, பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். அதுவரை அவனை முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், முகம் பார்த்துப் பேசச் சொல்லுங்கள், டீச்சரிடம் காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

ஸ்ப்ரே, ஆபரேஷன், எதிர்ப்பு சக்தி

ஸ்டீராய்டு என்றதும் நிறுத்திவிட்டீர்கள். மாத்திரையாக மாதக் கணக்கில் சாப்பிடும் ஸ்டீராய்டும் மூக்கில் அடிக்கும் இந்தச் சிறு அளவும் ஒன்றல்ல. இப்போது குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஸ்ப்ரேக்களில் மருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. நீண்ட நாள் தொடர வேண்டியிருந்தால் இடையிடையே உயரத்தை அளந்து பார்ப்பார்கள், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நான்கு நாளில் பலனும் தெரியாது, தீமையும் தெரியாது. சதை சுருங்குவதைப் பார்க்க வாரக் கணக்காகும். மருத்துவரிடம் நிறுத்திய விஷயத்தைச் சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். மறைத்தால் மூன்று மாதம் கழித்து மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் தவறாக நினைத்து நேரே ஆபரேஷனுக்குப் போய்விடக் கூடும். அடிக்கும் முன் உப்பு நீர் ஸ்ப்ரேயால் மூக்கைச் சுத்தம் செய்யுங்கள், தலையைச் சற்றுக் குனிய வைத்து, முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்கி வைக்காமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும்.

ஆபரேஷன் பற்றி என் கருத்து: இப்போதைக்கு வேண்டும் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. அவன் எப்படித் தூங்குகிறான் என்பதைப் பொறுத்தது. குறட்டைக்கு நடுவே மூச்சு சில வினாடி நின்று, பிறகு திணறி இழுக்கிறானா, தலையைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குகிறானா, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வந்திருக்கிறதா, பகலில் காரணமில்லாமல் எரிச்சலாகவோ நிலைகொள்ளாமலோ இருக்கிறானா, இதையெல்லாம் பாருங்கள். தூங்கி ஒன்றிரண்டு மணி நேரம் ஆனபின் சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சும் முகமும் தெரியும்படி சில நிமிடம் மொபைலில் வீடியோ எடுத்துப் போங்கள். வாயால் எவ்வளவு விவரித்தாலும் அந்த வீடியோ சொல்வதைச் சொல்ல முடியாது.

மூச்சு நிற்கிறது என்றால், அல்லது காதில் நீர் மூன்று மாதத்துக்கு மேல் நின்று கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்றால், ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. அந்தத் தொந்தரவு லேசாக இருந்தால் காத்திருப்பதும் நியாயமான வழியே. 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், தூக்கத்தில் மூச்சுத் தடைப்பட்ட 5 முதல் 9 வயது வரையான 464 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு டான்சிலையும் அடினாய்டையும் உடனே எடுத்தார்கள், மறுபாதியைக் கண்காணித்தார்கள். ஏழு மாதம் கழித்துத் தூக்கப் பரிசோதனை செய்ததில், எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் முடிவு இயல்பாக வந்தது. எடுத்தவர்களுக்கு நடத்தையிலும் அன்றாட வாழ்விலும் முன்னேற்றம் அதிகம் தெரிந்தது. கடுமையான நிலையில் இருந்த குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

எதிர்ப்பு சக்தி போய்விடும் என்று பெரியவர்கள் கவலைப்படுவதில் அர்த்தம் இல்லாமல் இல்லை, அது கிருமிகளை எதிர்க்கும் திசுதான். ஆனால் தொண்டையைச் சுற்றி ஒரு வளையமாகவே இந்தத் திசு இருக்கிறது, அடினாய்டு அதில் ஒரு பகுதி. டான்சில், நாக்கின் அடிப்பகுதி, கழுத்தில் நூற்றுக்கணக்கான நிணநீர் முடிச்சுகள் எல்லாம் அப்படியே இருக்கும், வேலை நிற்காது. மூச்சும் தூக்கமும் கெட்டுப்போயிருக்கும் குழந்தைக்கு அதை எடுப்பதால் கிடைக்கும் நன்மை, இழப்பைவிடப் பெரிது. ஆபரேஷன் வாய் வழியாகத்தான், வெளியே தழும்பு இருக்காது. ரத்தக்கசிவு, மயக்க மருந்தின் ஆபத்து, சதை மறுபடி வளர்வது, குரல் மூக்கால் பேசுவது போல மாறுவது, இவை அரிதாக நடக்கக்கூடியவை. எனவே வீட்டில் யாருக்காவது ரத்தம் எளிதில் நிற்காத கோளாறு உண்டா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், அண்ணத்தில் பிளவு ஏதும் மறைந்திருக்கிறதா என்று பார்த்தீர்களா என்றும் கேளுங்கள்.

உண்மையில் யோசிக்க வேண்டியது யாரைப் பற்றி

தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். அடினாய்டு பெரிதாவது அந்த வழியில் வருவதல்ல, தாத்தாவின் குடல் புற்றுக்காக ஆறு வயதுக் குழந்தைக்குச் செய்ய வேண்டிய பரிசோதனையும் ஒன்றுமில்லை. ஆனால் சகோதரி, கவலையை மகன் மீது வைத்துவிட்டு உங்களை மறந்துவிட்டீர்கள். அப்பாவுக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்று வந்திருந்தால், அவருடைய பிள்ளைகள் 40 வயதில், அல்லது அப்பாவுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, இதில் எது முதலில் வருகிறதோ அப்போதிலிருந்து கொலனோஸ்கோபி (கேமரா உள்ள குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ள வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வழிமுறை. உங்களுக்கு அது 40. அந்த இடத்தில்தான் 'அடினோமா' என்ற சொல் முக்கியம். குடலில் வரும் அடினோமா புற்றல்ல, ஆனால் அவற்றில் சில, பெரும்பாலும் பத்து வருடம் போல நேரம் எடுத்துக்கொண்டு, புற்றாக மாறக்கூடியவை. கொலனோஸ்கோபியில் கண்ணில் பட்டால் அப்போதே எடுத்துவிடலாம், எடுத்தால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. இடையில் மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, மலம் கழிக்கும் பழக்கத்தில் நீடித்த மாற்றம் எது வந்தாலும் 40 வரை காத்திருக்காமல் போய்விடுங்கள்.

அப்பாவின் பயாப்சி ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பார்க்க வேண்டாம், ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மருத்துவர் உங்கள் குடும்ப வரலாற்றைக் கேட்கும்போது அந்தத் தாள் வேண்டும். அப்பா வழியில் வேறு யாருக்காவது 50 வயதுக்குள் குடலிலோ கருப்பையிலோ புற்று வந்திருந்தால் மரபணு ஆலோசனையும் தேவைப்படலாம். உங்கள் அண்ணனுக்கு வயது 43 என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் இதுவரை எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ளவில்லை என்றால், இன்றைக்கே அவருக்கு ஃபோன் செய்து சொல்லுங்கள், அவருக்கு அந்த வயது ஏற்கெனவே வந்துவிட்டது.